அக்காவின் ஐந்தாவது வீடு

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பில் வரைபடத்தைத் திரையில் போட்டுப் பாடம் நடத்தும்போது பிள்ளைகளின் சொந்த வீட்டிலிருந்து தொடங்க வேண்டுமாம். அப்போதுதான் ஒரு பிள்ளையும் கொட்டாவி விடாது. சரியான பேச்சுதான். நானும் இப்போது கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். திரையில் வரைபடம் விரிந்ததும் பிள்ளைகள் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்துவிடுகிறார்கள். ஆனால் நான் வீட்டிலிருந்து தொடங்குவதில்லை, தபால் நிலையத்திலிருந்து தொடங்குகிறேன். தலைமையாசிரியர் இரண்டு முறை காரணம் கேட்டுவிட்டார். தபால் நிலையம் எல்லாருக்கும் பொது அல்லவா சார் என்று சொல்லிச் சமாளித்து வைத்திருக்கிறேன்.

உண்மையான காரணம், எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது என் வகுப்பில் வந்து சேர்ந்த ஓர் அக்கா.

கூடப் பிறந்த அக்கா இல்லை, சின்னம்மாவின் மகள். என்னைவிட மூன்றே மாதம் மூத்தவள். மூன்று மாதத்துக்கெல்லாம் அக்கா பட்டம் கொடுப்பது அநியாயம் என்று அம்மாவிடம் எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். “மூத்தவன்னா மூத்தவதான். அக்கான்னு கூப்பிட்டா வாய் வலிக்குமா?” என்று அம்மா முடித்துவிட்டார். ஆக, அவள் வருவதற்கு முன்பே எனக்கு ஒரு படி கீழே இடம் போட்டாயிற்று.

ஐந்தாம் ஆண்டின் நடுவில், ஒரு சனிக்கிழமை காலையில், சின்னம்மாவும் அவளும் இரண்டு துணிப்பைகளோடு கிள்ளான் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். சின்னம்மாவின் இடது கையில் கட்டு. படியில் விழுந்துவிட்டார் என்று அம்மா சொன்னார். அதற்கு முந்திய ஆண்டும் அவர் படியில் விழுந்திருந்தார். சின்னம்மாவுக்குப் படிகளோடு ராசி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து தங்குவார்கள், நான் கட்டிலில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஒரு வாரமாகப் பொருமிக்கொண்டிருந்தேன். ஆனால் அப்பா காரை வீட்டுக்கு விடவில்லை. கிள்ளான் லிட்டில் இந்தியா பக்கம், ஒரு பூக்கடைக்கு மேலே, மாடியில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தார். முன்பக்கம் இரண்டு கடைகளுக்கு நடுவே பெயர்ப்பலகை இல்லாத ஒரு கதவு. அதைத் திறந்தால் செங்குத்தாக ஒரு மரப்படி. மேலே அறை. அறைக்குப் பின்னால் இன்னொரு கதவு. அதற்கு வெளியே சுருண்டு சுருண்டு பின்சந்தில் இறங்கும் இரும்புப் படிக்கட்டு.

அக்கா அறையைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. நுழைந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “பெரியம்மா, பின்னாடி வழி இருக்கா?” என்பதுதான். இருக்கிறது என்றதும் ஓடிப்போய் அந்த இரும்புப் படியில் கீழே வரை இறங்கி மறுபடி ஏறி வந்தாள். நானும் இறங்கிப் பார்க்கிறேன் என்றேன். விளையாடுற இடம் இல்லை என்று அம்மா தடுத்துவிட்டார். அவளுக்கு மட்டும் சுருள் படி, எனக்குத் திட்டு. என் பொறாமை அன்றே அந்த வாசலிலேயே பிறந்து, பிறந்த அன்றே நடக்கவும் ஆரம்பித்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா காரில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“சொந்தக்காரங்க யாரு போன் பண்ணிக் கேட்டாலும், சின்னம்மா எங்க இருக்காங்கன்னு தெரியாதுன்னு சொல்லணும். சரியா?”

“பொய் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“இந்த ஒண்ணு மட்டும் சொல்லலாம் லா. கேள்வி கேக்காத.”

மற்ற சொந்தங்களும் அறை பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டு வந்துவிடுவார்கள், அதனால்தான் அம்மா பயப்படுகிறார் என்று நானே ஒரு முடிவு கட்டினேன். அதற்கேற்றாற்போல், இரண்டு நாள் கழித்து அக்காவின் அப்பா, என் சித்தப்பா, எங்கள் வீட்டுக்கு வந்தார். அலமாரி வரைக்கும் திறந்து பார்த்தார். “இங்க இல்ல தம்பி, சாமி சத்தியமா இங்க இல்ல” என்று அம்மா சொன்னார். உண்மைதானே, எங்கள் வீட்டில் அவர்கள் இல்லை. சித்தப்பா போகும்போது எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார். அவர் எப்போதும் கொடுப்பார். என் மாமா, சித்தப்பா கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவரே அவர்தான்.

இதற்குப் பிறகு வந்தது வரைபடம்.

அந்த ஆண்டு எங்கள் பள்ளிக்கு ஒரு பெரிய தொடுதிரை வந்திருந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கிக் கொடுத்தது. எங்கள் வகுப்பு டீச்சர் அதில் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதையும் விரித்துப் போட்டு, வாழ்க்கையில் உங்களுக்கு முக்கியமான இடங்களில் குத்தூசி குத்துவதுபோல ஆளுக்குக் கொஞ்சம் பின் வையுங்கள் என்றார். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். பின்னைத் தொட்டால் நாம் எழுதியது விரியும். பெயர் எழுதக் கூடாது. வீட்டின் மேலேயே பின் வைக்கக் கூடாது, பக்கத்தில் ஒரு கோயிலோ கடையோ பார்த்து வைக்க வேண்டும். இதை டீச்சர் மூன்று முறை சொன்னார். வகுப்பு முழுவதற்கும் ஒரே கடவுச்சொல் என்பதால் யார் பின்னை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், ஆனால் அவரவர் நிறத்தை மட்டும் தொடுங்கள் என்பதையும் சொன்னார்.

எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தியைக் கடைசியில் சொன்னார். கல்வி இலாகாவிலிருந்து அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். அன்றைக்கு ஒரே ஒரு மாணவர் திரை முன்னால் நின்று வரைபடத்தை நகர்த்திக் காட்டுவார். அந்த ஒருவர் யார் என்பதை டீச்சர் முடிவு செய்வார்.

எனக்கு அதில் சந்தேகமே இல்லை. வகுப்பில் முதல் மாணவி நான்தான். வீட்டில் குளிர்ப்பெட்டிக் கதவின் மேல் இரண்டு விரலை வைத்து விரித்து விரித்துப் பழகினேன். கதவெல்லாம் விரல் தடம் என்று அம்மா ஏசினார். நான் பொருட்படுத்தவில்லை.

என் நிறம் நீலம். ஐந்து பின் வைத்தேன். எங்கள் தாமான் குடியிருப்பின் கோயில், பள்ளி, கிள்ளான் ரயில் நிலையம், பிரிக்பீல்ட்ஸில் அப்பா கிராணியாகக் கணக்கெழுதும் அலுவலகம், அதற்குக் கீழே தீபாவளித் துணி வாங்கிய பிறகு நாங்கள் சாப்பிடும் வாழையிலைக் கடை. வைத்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். ஐந்தும் ஒரே ரயில் பாதையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பிறந்ததிலிருந்து ஒரே வீடு, ஒரே தடம். டீச்சர் அதன் கீழ் “நன்று” என்று எழுதினார்.

அக்காவின் நிறம் மஞ்சள். அவள் நான்கு பின்தான் வைத்தாள். நான்கும் வீடுகள்! செராஸில் ஒன்று, காஜாங்கில் ஒன்று, பூச்சோங்கில் ஒன்று, செந்தூலில் ஒன்று. வரைபடத்தின் நான்கு மூலையையும் அவளே வாங்கிப் போட்டதுபோல இருந்தது. டீச்சர் ஒவ்வொன்றாகத் தொட்டு வகுப்புக்கு வாசிக்க ஆரம்பித்தார்.

செராஸ் பின்னில் இப்படி இருந்தது: “இது நான்காவது மாடி. ஜன்னலில் நின்றால் கீழே யார் காரை நிறுத்துகிறார்கள் என்று தெரியும். நான் பார்த்து அம்மாவுக்குச் சொல்வேன்.”

காஜாங்: “இந்த வீட்டுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம் இருந்தது.”

பூச்சோங்: “பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி நல்லவர். சுவரைத் தட்டினால் வந்துவிடுவார்.”

செந்தூல் பின்னை டீச்சர் பாதிதான் சத்தமாக வாசித்தார். “இங்கே ரயில் சத்தம் அதிகம்” என்றவர், மீதியை மனதுக்குள் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் முன் வரிசை. எனக்கு மீதியும் தெரிந்தது. “அதனால் எங்கள் வீட்டுச் சத்தம் வெளியே கேட்காது” என்று எழுதியிருந்தாள்.

இதில் கண்ணாடியைக் கழற்ற என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஐந்து பின்னுக்கு எனக்கு ஒரு “நன்று.” எழுவாய் பயனிலை கூட ஒழுங்காக இல்லாத நான்கு வரிக்கு அவளுக்குக் கண்ணாடி கழற்றல். “யப்பா, நாலு வீடு!” என்று பின்னால் ஒருவன் வியந்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெருமையை மறைத்துக்கொள்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. மாடி, சாவி, சீன ஆன்டி, ரயில்! எனக்கு ஒரு வீடு, அதற்கும் சாவி என் கையில் கிடையாது. அன்று முழுவதும் வயிறு எரிந்தது. இதை வேறு நல்ல சொல்லால் சொல்ல முடியாது.

இத்தோடு நின்றிருந்தால் நானும் எரிந்து அணைந்திருப்பேன். அடுத்த வெள்ளிக்கிழமை டீச்சர் ஒரு விளையாட்டு வைத்தார். ஓர் இடத்தைச் சொல்வார், அங்கிருந்து இன்னோர் இடத்துக்கு வழி காட்ட வேண்டும். நான் நெடுஞ்சாலையைத் தேடிக்கொண்டிருப்பதற்குள் அக்கா எழுந்து போய், எந்தப் பேருந்தில் ஏறி எந்த நிலையத்தில் மாறி எந்தச் சந்து வழியாக நடக்கலாம் என்று விரலால் இழுத்துக் காட்டிவிட்டாள். வரைபடம் அவள் விரலுக்குப் பழகின நாய்க்குட்டிபோல ஓடியது.

“அதிகாரிங்க வர்றப்ப நீயே காட்டும்மா” என்றார் டீச்சர். “உன் வீட்டைப் பத்தி எல்லாம் வேணாம். பள்ளியைச் சுத்தி உள்ள இடத்தைக் காட்டினா போதும்.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நான் அழவில்லை. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன், அவ்வளவுதான்.

அன்று மாலை அப்பாவின் கணினியில் வகுப்பு வரைபடத்தைத் திறந்தேன். அவள் ஓர் இடத்தை மறைத்திருக்கிறாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நாலு வீட்டு ராணி இப்போது பூக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறாள், அதுவும் என் அப்பா பார்த்துக் கொடுத்த அறையில், என் அம்மா கொண்டுபோய்க் கொடுக்கும் சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டு! இது தெரிந்தால் டீச்சருடைய கண்ணாடி மூக்கிலேயே நிற்கும் என்று நினைத்தேன்.

மஞ்சள் நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன். மேலிருந்து எடுத்த படத்தில் அந்தக் கடை வரிசையின் கூரைகள் தெரிந்தன. பின்சந்தில் சுருள் படிகூடப் புள்ளியாகத் தெரிந்தது. பக்கத்துக் கோயிலில் வைக்கவில்லை. சரியாக அந்தக் கூரையின் மேலேயே குத்தினேன். கீழே எழுதினேன்: “ஐந்தாவது வீடு. இதை எழுதாமல் விட்டுவிட்டாள். என் சின்னம்மாவும் அவர் மகளும் இப்போது இங்கேதான் இருக்கிறார்கள். பூக்கடைக்கு மேலே, மாடி அறை.” அம்மா சொல்லக் கூடாது என்றது நன்றாக நினைவில் இருந்தது. போனில் கேட்டால் சொல்லக் கூடாது என்றுதானே சொன்னார், நான் போனில் சொல்லவில்லையே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டே, உன் வரைபடத்தைக் காட்டு என்று அப்பா கேட்டார். என் நீலப் பின்களை மட்டும் காட்டினேன். பிரிக்பீல்ட்ஸ் பின்னைத் தொட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அட, என் ஆபீஸையும் போட்டுட்டியாம்மா!” அதையே மூன்று முறை தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கை துடைக்காமலே அந்த இணைப்பைக் கைப்பேசியில் இருந்த குடும்பக் குழுவுக்கு அனுப்பினார். “என் மகள் செய்த வரைபடம்” என்று எழுதி மூன்று கும்பிடும் போட்டார்.

எங்கள் குடும்பக் குழுவில் யாரையும் நீக்குகிற வழக்கம் இல்லை. பேச்சுவார்த்தை இல்லாத பெரியப்பாக்கள், வழக்கு நடத்திக்கொள்ளும் மாமன்கள், எல்லாரும் அதில் ஒன்றாக உட்கார்ந்து காலை வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். சித்தப்பாவும் இருந்தார். வீட்டு மாப்பிள்ளையை நீக்க யாருக்கும் கை வரவில்லை. மதியத்துக்குள் பூங்கொத்தும் கைத்தட்டலுமாகக் குவிந்தன. ஒருவரும் இணைப்பைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு மாதமாகக் குழுவில் வாய் திறக்காத சித்தப்பா மட்டும் சாயங்காலம் ஒரு கட்டைவிரல் அனுப்பினார். அப்பா அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், சந்தோஷமாக எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அம்மா வழக்கம்போலச் சின்னம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனார். என்னையும் இழுத்துப் போனார். மேலே போய் அக்காவின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நான் கீழே பூக்கடையில் நின்றுகொண்டேன். பூக்கடை ஆன்டி மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சித்தப்பா நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல வாசனை, கையில் கைப்பேசி. திரையைப் பார்ப்பதும் கடை வரிசையை நிமிர்ந்து பார்ப்பதுமாக வந்தவர் என்னைக் கண்டதும் சிரித்தார்.

“ஹே, நீயா! அந்த மேப் செஞ்சது நீதானா?”

“ஆமா சித்தப்பா.”

“சூப்பர் லா! கரெக்டா கொண்டு வந்து விட்டுருச்சு பாரு. மஞ்சப் பின்னும் நீ வச்சதுதான?”

என் நெஞ்சு நிறைந்துவிட்டது. டீச்சர் பாராட்டவில்லை, வகுப்பு பாராட்டவில்லை. என் பின்னைத் தேடி வந்து பாராட்டிய ஒரே மனிதர் அவர்தான். ஆமாம் என்றேன்.

“கெட்டிக்காரி. கடை தெரியுது, கதவுதான் தெரியல. எதும்மா?”

நான் கையை நீட்டி அந்தப் பெயர்ப்பலகை இல்லாத கதவைக் காட்டினேன்.

பூக்கடை ஆன்டியின் கையிலிருந்த நார் அப்படியே நின்றது. அவர் எழுந்து, மேலே ஜன்னலைப் பார்த்து, தெருவே திரும்பும்படி கத்தினார்.

“செவ்வந்தி வந்துருச்சும்மா! செவ்வந்தி வந்துருச்சு!”

நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். பூ லோரி எதுவும் வரவில்லை. ஆன்டிக்கு என்ன ஆயிற்று என்று யோசிப்பதற்குள் சித்தப்பா கதவைத் தள்ளிக்கொண்டு மரப்படியில் ஏறத் தொடங்கிவிட்டார். மேலே அம்மாவின் குரல் கேட்டது. “வாங்க தம்பி! வாங்க, வாங்க!” அம்மா விருந்தாளிகளை இவ்வளவு சத்தமாக வரவேற்று நான் கேட்டதே இல்லை. சித்தப்பாவைப் பார்த்ததில் அவ்வளவு மகிழ்ச்சி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அதே நேரம் கடைக்குப் பின்னால் டங்கு டங்கென்று இரும்புப் படியில் கால்கள் இறங்கும் ஓசை கேட்டது. வேகமாக, இரண்டு இரண்டு படியாக. அக்காவும் சின்னம்மாவும் சுருள் படியில் ஓடி விளையாடுகிறார்கள். என்னை மட்டும் ஏறக் கூடாது என்றார்களே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரொம்ப நேரம் கழித்துச் சித்தப்பா இறங்கி வந்தார். சிரிக்கவில்லை. என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் போனார். அதன் பிறகு அம்மா மெதுவாக இறங்கினார். ஒரு கையில் வளையல் ஒன்றுகூட இல்லை, மணிக்கட்டில் கீறல். என்னம்மா என்றேன். “படியில இடறிட்டேன்” என்றார். எங்கள் குடும்பத்துக்கே படிகள் ஆகாது.

அப்பா அன்றே சித்தப்பாவைக் குழுவிலிருந்து நீக்கினார். தான் அனுப்பிய இணைப்பால்தான் எல்லாம் என்று இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார். தீபாவளிக்குத் தீபாவளி அதைச் சொல்லி வருத்தப்படுகிறார். நான் இதுவரை திருத்தியதில்லை.

திங்கட்கிழமை அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. டீச்சர் ஐந்தாவது மஞ்சள் பின்னை அழித்துவிட்டிருந்தார். யார் வைத்தது என்று கேட்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு, “நீ காட்டுறியா?” என்றார்.

புதன்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். குளிர்ப்பெட்டிக் கதவில் பழகியதெல்லாம் வீண்போகவில்லை. இரண்டு விரலால் கிள்ளானை விரித்தேன், சுருக்கினேன், பிரிக்பீல்ட்ஸுக்கு இழுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்தேன். கைத்தட்டினார்கள். அவர்களில் ஒரு அம்மையார் மஞ்சள் பின்களைச் சுட்டிக்காட்டி, இந்தப் பிள்ளை யார், இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். மாறிப் போய்விட்டாள் மேடம் என்றேன். எங்கே என்றார். எனக்குத் தெரியவில்லை. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கேட்டேன்.

“அக்கா இப்ப எந்த வீட்டுல இருக்கா?”

“தெரியாது.”

“பொய் சொல்றீங்க.”

அம்மா வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தார். தெரிந்தே மறைக்கிறார், என்னிடம் மட்டும் மறைக்கிறார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்த முறை அது செராஸைவிட உயரமான மாடியாக இருக்கும். சுருள் படிகூட இருக்கும். அவளுக்கு இதோடு ஆறு வீடு. எனக்கு இன்னும் அதே ஒன்று. அன்றைக்குத் திரையைத் தொட்டதுகூட மறந்துபோய், அதையே நினைத்து நினைத்துப் பொறாமையில் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.